கமிட்டிக்குத் தேர்வானவர்களுக்கு: சபையில் பணிவிடைத் தலைமை, படிப்படியாக

சேகரக் கமிட்டிக்கு, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளை நிர்வகிக்கும் குழுவுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் சமயத்தில் பல சபைகளில் ஒரே பிரசங்கம்தான். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினார், ஆகவே தலைவர் என்றால் பணிவிடைக்காரர். எல்லோரும் தலையாட்டுவோம். அடுத்த வாரம் வாக்கு எண்ணும்போது அதே ஆட்கள் கோயில் வாசலில் நின்று மல்லுக்கட்டுவார்கள். பிரசங்கத்தில் தவறில்லை. கால் கழுவுவது என்றால் திங்கட்கிழமை காலையில் எதைச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதுதான் குறை.

தென்னிந்தியத் திருச்சபையின் சேகர அமைப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்குப் பேரவையில் இருப்பவர்களும் சுயாதீன சபைகளின் மூப்பர்களும் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். என் வாதம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெஞ்சு தூக்குவதும் துடைப்பம் எடுப்பதும் நல்ல காரியங்கள், ஆனால் சுலபமானவை. சாவி, கணக்கு, நாற்காலி, கடைசி வார்த்தை: இந்த நான்கையும் அடுத்தவர் கையில் கொடுக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். ஒருவரின் பணிவிடை அங்கேதான் தெரியும்.

படி 1: பெயர் கொடுக்கும் முன்

மூப்பர்களுக்கு எழுதும்போது பேதுரு, மந்தையை "கட்டாயமாய் அல்ல, மனப்பூர்வமாயும்" மேய்க்கச் சொல்கிறார். அதே மூச்சில் "அவலட்சணமான ஆதாயத்திற்காக அல்ல" என்றும் சொல்லிவிடுகிறார் (1 பேதுரு 5:2). இரண்டையும் சேர்த்தே உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள்.

கட்டாயம் பல வேஷத்தில் வரும். "உங்க தாத்தா இருந்தாரு, அப்பா இருந்தாரு, இந்தத் தடவை நீங்கதான்." "நம்ம தெருவுக்கு ஒரு ஆள் வேணும்லா?" "ஐயரே (குருவானவரே) கேட்டுட்டாரு, எப்படி மாட்டேன்னு சொல்ல?" இப்படி வாங்கிய சம்மதம் ஆறு மாதம் தாங்கினால் அதிகம். அப்புறம் கூட்டத்துக்கு வராமல் இருப்பது, வந்தால் எரிந்து விழுவது. மனம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவதே சபைக்குச் செய்கிற உதவி. மனம் இருந்தாலும் வீட்டில் கேட்காமல் பெயர் கொடுக்காதீர்கள். ஞாயிறு மதியம் முழுவதும் நீங்கள் கோயிலில் இருந்தால், வீட்டில் உங்கள் பங்கு வேலையை இன்னொருவர்தான் செய்யப்போகிறார்.

ஆதாயம் கொஞ்சம் பெரிய விஷயம். பல சேகரங்கள் சேர்ந்து ஒரு பேராயரின் கீழ் வரும் திருமண்டலங்களிடம் பள்ளிகள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, மருத்துவமனைகள், நிலங்கள், வாடகைக் கடைகள் இருக்கின்றன. தாளாளர் பதவி, ஆசிரியர் நியமனம், அட்மிஷன் என்று கைநீட்டிப் பிடிக்க நிறைய உண்டு. அங்கே போகும் வழி சேகரத் தேர்தலில் தொடங்குகிறது. அதனால்தான் ஜெபக்கூட்டத்துக்குப் பத்துப் பேர் வராத ஊரிலும் தேர்தலுக்கு வேன் வைத்து ஆள் கூட்டி வருகிறார்கள். எந்த அணிக்காரராவது "செலவை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றால், அந்தப் பணத்தை அவர் எதிலிருந்து திரும்ப எடுப்பார் என்று யோசியுங்கள். ஒரு டீக்கு மேல் வாங்காதீர்கள்.

மனப்பூர்வம் என்றால் என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்நின்றவர். ஒய்.எம்.சி.ஏ.வில் நல்ல பொறுப்பில் இருந்தார். மிஷனெரியாகப் போங்கள் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர், 1909ல் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டுத் தானே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குக் கிளம்பினார். மொழி தெரியாத ஊர். 1912ல் அவர் பேராயரானார், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். பதவி வந்தது அங்கே கிளம்பிப் போன பிறகுதான்.

படி 2: மாற்கு பத்தாம் அதிகாரத்தை முழுதாகப் படிப்பது

"ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அதைத் தனியாகப் பிய்த்து எடுத்துச் சுவரில் எழுதிவிட்டோம். அதன் முன்னும் பின்னும் படித்தால்தான் காரம் தெரியும்.

எருசலேமுக்குப் போகும் வழியில், தாம் அடிபட்டுச் சாகப்போவதை இயேசு மூன்றாம் முறையாகச் சொல்கிறார். சொல்லி வாய் மூடவில்லை, யாக்கோபும் யோவானும் வலதுபக்கமும் இடதுபக்கமும் சீட்டுக் கேட்கிறார்கள். மத்தேயுவின் சுவிசேஷத்தில் அவர்களுடைய அம்மாவே கூட வந்து சிபாரிசு செய்கிறார். இது எந்த ஊரில் நடக்காத கதை? மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வருகிறது. அவர்கள் ஒன்றும் தாழ்மையில் எரிச்சல்படவில்லை, தங்களுக்கு முன்னால் இவர்கள் முந்திக்கொண்டார்களே என்ற கோபம்தான். கமிட்டிக்குள் பதவிப் போட்டியைக் கண்டு முகம் சுளிக்கும்போது இந்தப் பத்துப் பேரை நினைத்துக்கொள்வது நல்லது.

அதே அதிகாரத்தின் கடைசியில் எரிகோ வழியோரம் பர்திமேயு உட்கார்ந்திருக்கிறான். சீட்டுக் கேட்ட சகோதரர்களிடம் கேட்ட கேள்வியைத்தான் இயேசு இவனிடமும் கேட்கிறார்: நான் உனக்கு என்ன செய்யவேண்டும்? அவர்கள் ஆசனம் கேட்டார்கள், இவன் பார்வை கேட்டான். கூட்டத்தார் அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டினார்கள் என்பதையும் மாற்கு விடாமல் எழுதியிருக்கிறார்.

படி 3: அந்தக் கேள்வியோடு வீடு வீடாகப் போவது

முதல் மூன்று மாதம் புதுத் திட்டம் எதுவும் அறிவிக்காதீர்கள். சபைப் பட்டியலை எடுத்து, வராதவர்களின் வீட்டுக்குப் போங்கள். வழக்கமான வீடு சந்திப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், காபி, கிளம்புவோம். இந்த முறை ஜெபத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "கோயில்ல உங்களுக்கு என்ன சிரமம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வரும் பதில் பெரும்பாலும் ஆவிக்குரிய விஷயமாக இருக்காது. வாசற்படி உயரம், கைப்பிடி இல்லை. மைக் இரைச்சலில் பிரசங்கம் புரியவில்லை. மருமகள் வேறு சாதி, திருவிருந்துக்குப் போனபோது யாரோ ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டுக்காரர் செத்தபோது சபையிலிருந்து யாரும் வரவில்லை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கேயே பதில் சொல்லி நியாயப்படுத்தாதீர்கள்.

குறையைக் கேட்டாயிற்று, அப்புறம்? அப்போஸ்தலர் நடபடிகள் 6 அதைச் சொல்கிறது. எருசலேம் சபையில் தினசரிப் பங்கீட்டில் கிரேக்கு மொழி பேசியவர்களின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, புகார் சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்தியை ஒப்படைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நம் ஊரில் குறை சொன்னவரைக் கமிட்டியிலிருந்து எடுப்போமே தவிர, சாவியைக் கொடுப்போமா? கொடுத்துப் பாருங்கள். மைக் சரியில்லை என்று சொன்ன வாலிபனிடம் மைக்கையும் அதற்கான பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்று உண்டு. ஒரு குறை உங்கள் மனதைத் தொட்டுவிட்டால் உடனே குதித்துவிடாதீர்கள், அதைச் செய்யத் தெரிகிறதா என்று பாருங்கள். ஐடா ஸ்கடர் இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லாமல் பெற்றோரைப் பார்க்க வந்த பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட மறுத்துவிட்டார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அந்த வேகத்தில் அங்கேயே எதையும் தொடங்கவில்லை. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். அதுவே வளர்ந்து நிற்கும் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் குறிக்கோள் வாசகமே, ஊழியங்கொள்ள வராமல் ஊழியஞ்செய்ய என்பதுதான். கமிட்டியில் இருப்பவருக்கு இதன் நடைமுறை அர்த்தம் எளியது. திருமண்டலச் சட்டவிதிப் புத்தகத்தை ஒரு தடவையாவது வாசியுங்கள். வரவு செலவு எழுதத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: பணத்தை வெளிச்சத்தில் வைப்பது

என்னைக் கேட்டால், ஒரு கமிட்டியின் பணிவிடை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பிரசங்க பீடத்தைப் பார்க்க வேண்டாம், அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் போதும்.

எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவோடு இரண்டு சகோதரரையும் சேர்த்து அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று காரணமும் சொல்கிறார் (2 கொரிந்தியர் 8). பவுலையே சந்தேகப்படலாம் என்றால் நம்மைச் சந்தேகப்படுவதில் கோபிக்க என்ன இருக்கிறது?

நடைமுறை இப்படி இருக்கலாம். ஆராதனை முடிந்து, கூட்டம் கலையும் முன்பே, வெஸ்டரி அறையில் (கோயிலை ஒட்டிய அலுவல் அறை) கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காணிக்கையை எண்ணுங்கள். எண்ணுகிறவர்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கக் கூடாது. ஐநூறு எத்தனை, இருநூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் ராத்திரி யார் வீட்டு பீரோவிலும் தூங்கக் கூடாது என்பதுதான் நோக்கம். கோயிலில் பூட்டுப்போட்ட பெட்டி இருந்தால் இரண்டு பூட்டு, இரண்டு ஆளிடம் சாவி. திங்கட்கிழமை வங்கி. மாதம் பிறந்ததும் வரவை மட்டும் ஒட்டாமல் செலவையும் ஒட்டுங்கள், ஏனென்றால் ஜனங்களுக்குச் சந்தேகம் வருவது செலவில்தான். "பெயிண்ட் வகையில்" என்று ஒரு தொகையைப் போடாதீர்கள். எத்தனை லிட்டர், எந்தக் கடை, பில் யாரிடம் இருக்கிறது என்பது தெரியட்டும்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை விடும் ஏலம் தனிக் கவனம் கேட்கும். எலுமிச்சம்பழமும் சேவலும் முட்டையும் ஆளுக்கு ஆள் ஏற்றி ஏற்றி எங்கோ போய் நிற்கும். எல்லோருக்கும் உற்சாகம், சிரிப்பு. மறுவாரம் ஏலப் பாக்கிப் பட்டியல் வரும். அந்தப் பட்டியலைப் பீடத்திலிருந்து வாசிக்கும் பழக்கம் உங்கள் சபையில் இருந்தால், நிறுத்தச் சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருங்கள். வசதியானவர் பாக்கி வைத்தால் யாரும் கேட்பதில்லை. கூலி வேலைக்குப் போகிற ஒருவர் பக்கத்தில் இருந்தவர்கள் ஏற்றிவிட்டதில் ஒரு சேவலைக் கேட்டுவிட்டு, பெயர் வாசிக்கிற வாரத்திலிருந்து கோயிலுக்கே வராமல் போவார். தனியாகப் போய்ப் பேசுங்கள், தவணை கொடுங்கள். முடியாவிட்டால் தள்ளுபடி செய்து கமிட்டிக் கூட்டத்தில் பெயர் இல்லாமல் பதிவு செய்யுங்கள்.

கணக்குக் கேட்பவரைத் துரோகி என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சாமுவேல் வயதான பிறகு ஜனங்களை நிற்கவைத்து, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு அநியாயம் செய்தேன், சொல்லுங்கள் என்று தானே கேட்டார் (1 சாமுவேல் 12). ஆண்டுக் கூட்டத்தில் அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுக் கணக்கைத் தொடங்கலாம்.

படி 5: கையால் செய்யும் வேலை

பெரிய வியாழன் அன்று பல சபைகளில் கால் கழுவும் ஆராதனை உண்டு. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து முன்னால் உட்காரவைப்பார்கள். அந்தப் பன்னிருவரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துவிட்டு வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆராதனை நல்லதுதான், தொடரட்டும். அதோடு கூட, கோயில் கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஒரு முறைப்பட்டியல் போட்டு, அதில் கமிட்டிக்காரர் பெயர்களை முதலில் எழுதுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பதையும் அந்தப் பட்டியலின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

யோவான் 13ல் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இரண்டு. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்தே இயேசு சீலையைக் கட்டிக்கொண்டார் என்கிறார் யோவான். அதிகாரம் இல்லாததால் குனிந்தவர் அல்ல. இன்னொன்று, கழுவப்பட்ட கால்களில் யூதாசின் கால்களும் இருந்தன. தேர்தலில் உங்களுக்கு எதிராக வேலை செய்தவர் வீட்டு மரணத்துக்குப் போய்ப் பந்தல்காரரிடம் பேசுவதும், சவப்பெட்டிக்குச் சொல்வதும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஏற்பாடு செய்வதும் அந்த வகையில் சேரும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களுக்கு அசனம் என்ற சபை விருந்து இதற்கென்றே அமைந்த நாள். பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் வேகும், ஊரில் மற்ற மதத்தாரும் வந்து சாப்பிடுவார்கள். கமிட்டிக்காரர் கடைசிப் பந்தியில் சாப்பிடுவது குறைந்தபட்ச ஒழுங்கு. அதைவிட முக்கியமானவை சில இருக்கின்றன. வாளி தூக்கிப் பரிமாறும்போது கறித்துண்டு யார் இலையில் விழுகிறது, வெறும் குழம்பு யார் இலையில் விழுகிறது என்று பாருங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு முதலில் போகட்டும், மிஞ்சினால் கொடுப்போம் என்று வைக்காதீர்கள். முக்கியஸ்தர்களுக்கு ஃபேன் போட்ட தனி அறையில் மேசை போடும் பழக்கம் எங்காவது நுழைந்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

இதை நான் சும்மா பெரிதுபடுத்தவில்லை. சபைக்குள் சாதி வேறுபாட்டை விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833ல் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகியவர்கள் உண்டு. யார் எங்கே உட்கார்வது, யார் முதலில் திருவிருந்துக்கு வருவது என்பதுதான் அன்றைய சண்டை. இருநூறு வருஷம் ஆகப்போகிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவரைச் சில இடங்களில் இன்னும் இடித்தபாடில்லை.

படி 6: ஏற்கெனவே ஊழியம் செய்கிறவர்களை நினைப்பது

தாழ்மையாயிருங்கள் என்ற போதனையை நாம் அதிகமாகச் சொல்வது ஏற்கெனவே தாழ்ந்த இடத்தில் இருப்பவர்களிடம். இயேசு அதைச் சொன்னது வலதுபக்கம் இடதுபக்கம் கேட்டவர்களிடம். இந்த வித்தியாசத்தை மறந்தால் பணிவிடைத் தலைமை என்ற பேச்சே அடுத்தவரை அமுக்குகிற கருவியாகிவிடும்.

மணியடித்து, கதவு திறந்து, பெருக்கி, பண்டிகை நாளில் நள்ளிரவுவரை நிற்கிறவருக்கு உங்கள் சபை என்ன சம்பளம் கொடுக்கிறது? "அது ஊழியம்லா" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவர்கள் வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்ற வசனத்தையும் (லூக்கா 10:7) வாசிக்க வேண்டும். கமிட்டியில் நீங்கள் கொண்டுவரும் முதல் தீர்மானம் அவருடைய சம்பளமாக இருக்கலாம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் சேர்த்து. பெண்கள் ஐக்கிய சங்கம் விஷயமும் இதேதான். பாத்திரம் கழுவ, பலகாரம் சுட, பூ வைக்க அவர்கள். தீர்மானம் எழுத ஆண்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளைப் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதும்போது, அவளுக்கு எந்தக் காரியத்தில் உதவி தேவையோ அதிலே உதவி செய்யுங்கள் என்கிறார். உதவி செய்ய வேண்டியவர்கள் இங்கே மற்றவர்கள்.

படி 7: கூட்டமும் பட்டமும்

கூட்டத்தில் வயதில் சிறியவரை முதலில் பேசவிடுங்கள். பெரியவர் முதலில் பேசினால் அப்புறம் மற்றவர்கள் பேசுவது வெறும் ஆமென்தான். மாற்றுக் கருத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1921ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு மருத்துவர்கள், தமிழரான எஸ். ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும். அவர்களை எல்லோரும் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் வெள்ளைக்காரர் சின்னண்ணன். நமக்கோ, பண்டிகை நோட்டீசில் பெயருக்கு முன்னால் என்ன போடவில்லை என்பதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்த நோட்டீசில் கமிட்டிப் பெயர்களைப் பட்டமில்லாமல் அகர வரிசையில் போட்டுப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று தெரியும்.

படி 8: சலிப்பு வரும்போது

வரும். நன்றி கிடைக்காது, குற்றச்சாட்டு கிடைக்கும். முதன்மையாயிருக்க விரும்புகிற தியோத்திரேப்பு யோவான் காலத்துச் சபையிலேயே இருந்தான், நம் சபையில் இல்லாமல் போவானா? எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப்போட்டுச் செய்கிறீர்கள் என்றால், மோசேக்கு அவருடைய மாமனார் சொன்னதுதான் உங்களுக்கும்: நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள் (யாத்திராகமம் 18). தம் கால்களைக் கழுவவிடாமல் பேதுரு தடுத்ததையும் நினையுங்கள். உங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் சபையாரைக் கஞ்சி கொண்டுவர விடுங்கள். யாரிடமும் எதையும் வாங்காத சேவைக்காரரிடம் கொஞ்சம் கர்வம் ஒளிந்திருக்கும்.

படி 9: இறங்குவது

பதவிக்காலம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே உங்கள் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குங்கள். அவர் உங்கள் அணியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டில் இவற்றை எழுதி வையுங்கள்: எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, பாஸ்புக் எங்கே, வங்கியில் யார் யார் கையெழுத்து, மின்கட்டண இணைப்பு எண், நிலப் பத்திரங்களின் பட்டியலும் நகல்களும், கடை வாடகை ஒப்பந்தம் முடியும் தேதி, வைப்புநிதி முதிரும் தேதி, ஜெனரேட்டர் மெக்கானிக், பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணம், யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது. வீட்டில் இருக்கும் கோயில் பொருள்களைத் திருப்பிக் கொண்டுவந்து, குருவானவர் முன்னிலையில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் பெயரை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பையும் அன்றே மாற்றிவிடுங்கள். புதுச் செயலாளர் சந்தேகம் கேட்டு வந்தால் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். கேட்காவிட்டால், "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்காமல் அவரை அவர் பாட்டுக்கு வேலை செய்ய விடுங்கள்.